இயேசுவைச் சந்திப்பது பற்றிச் சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுக் கூடுகைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிலர் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர்கள். சிலர் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார் என்று முதல் தடவையாக வேதப் புத்தகத்தைத் தொடுகிறவர்கள். கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பதில் சொல்லும் நான் போதகர் இல்லை. சபையில் ஒரு சாதாரண விசுவாசி.

எல்லாம் இருக்கு. நல்ல வேலை, சோழிங்கநல்லூர்ல ஃபிளாட், பிள்ளைங்க நல்ல ஸ்கூல். ஆனா உள்ளே காலியா இருக்கு. இதுக்கும் இயேசுவுக்கும் என்ன சம்பந்தம்?

யோவான் நற்செய்தி நான்காம் அதிகாரத்தில் ஒரு சமாரியப் பெண் உச்சிவெயிலில் தண்ணீர் எடுக்கக் கிணற்றுக்கு வருகிறாள். வேறு யாரும் வராத நேரம். ஐந்து கணவர்களோடு வாழ்ந்து முடித்தவள். இப்போது இருப்பவன் கணவனும் இல்லை. இயேசு அவளிடம் பேச்சை எப்படித் தொடங்குகிறார் என்று பாருங்கள்: தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிறார். பிறகுதான், "நான் கொடுக்கும் தண்ணீரைக் குடிக்கிறவனுக்கோ ஒருக்காலும் தாகமுண்டாகாது" என்கிறார்.

அவள் உடனே அந்தத் தண்ணீரைக் கேட்கிறாள், இனிமேல் கிணற்றுக்கு நடக்க வேண்டாமே என்று. நம்மில் பலரும் இங்கேதான் இருக்கிறோம். சமாதானம் வேண்டும், நிம்மதியாகத் தூக்கம் வர வேண்டும், வீட்டில் சண்டை நிற்க வேண்டும். இவை நியாயமான ஆசைகள். ஆனால் இயேசு அவளுடைய வாழ்க்கையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார். கடைசியில் அவள் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஊருக்குள் ஓடுகிறாள். தான் செய்த எல்லாவற்றையும் சொன்ன ஒரு மனிதரை வந்து பாருங்கள் என்றுதான் ஊராரிடம் சொல்கிறாள். தண்ணீரைப் பற்றி அவள் பேசவே இல்லை. தன் முழுக் கதையும் தெரிந்த ஒருவர், தெரிந்த பிறகும் தன்னோடு உட்கார்ந்து பேசியதுதான் அவளை நிரப்பியது. உங்கள் உள்ளே இருக்கும் வெறுமையும் அப்படி ஒருவருக்காகக் காத்திருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

'இயேசுவைச் சந்திச்சேன்'னு சாட்சி சொல்றாங்களே, அப்படின்னா என்னதான் அர்த்தம்?

வரன் பார்க்கும்போது பயோடேட்டா வருகிறது. படிப்பு, சம்பளம், உயரம், குடும்பம் எல்லாம் அதில் இருக்கும். அதை மனப்பாடம் செய்தாலும் அந்த ஆளைத் தெரியாது. கிறிஸ்தவர்களில் நிறையப் பேருக்கு இயேசுவின் பயோடேட்டா நன்றாகத் தெரியும். பெத்லகேம், கல்வாரி, மூன்றாம் நாள் எல்லாம் ஞாயிறு பள்ளியிலேயே படித்தது. அந்த இயேசு உயிரோடு இருக்கிறார், என்னை அறிந்திருக்கிறார், என்னிடம் ஏதோ கேட்கிறார் என்று ஒருநாள் உறைக்கும்போது, படித்ததெல்லாம் நம்மை நோக்கித் திரும்புகிறது. அதைத்தான் சந்திப்பு என்கிறோம்.

செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயில், வருஷா வருஷம் பெசன்ட் நகர் மாதா கோயில்னு போயிட்டுத்தான் இருக்கோம். மெழுகுவத்தி ஏத்துறோம், வேண்டிக்கிறோம். அது போதாதா?

அரண்மனைக்காரத் தெருவில் செவ்வாய்க்கிழமை நிற்கும் கூட்டத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் இருக்கிறார்கள். ஆகஸ்ட் 29-இல் பெசன்ட் நகரில் கொடியேறினால் செப்டம்பர் 8 வரை காவி உடுத்தி நடந்து வரும் பக்தர்களைப் பார்க்கலாம். அந்த நம்பிக்கையை நான் ஒருநாளும் குறைவாகப் பேச மாட்டேன். இயேசுவும் பேசவில்லை.

மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் பன்னிரண்டு வருடமாக இரத்தப்போக்கால் அவதிப்பட்ட ஒரு பெண் வருகிறாள். கையில் இருந்ததை எல்லாம் வைத்தியத்துக்கே செலவழித்தவள். நோய் கூடியதே தவிரக் குறையவில்லை. இயேசு யவீரு என்பவரின் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். அங்கே யவீருவின் பன்னிரண்டு வயது மகள் சாகக் கிடக்கிறாள்; ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாத பயணம். நெரிசலில் இந்தப் பெண் பின்னால் வந்து அவருடைய வஸ்திரத்தைத் தொடுகிறாள். சுகமாகிவிடுகிறாள். வேண்டுதல் நிறைவேறிவிட்டது. கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். அவள் நினைத்து வந்ததும் அதுதான்.

இயேசு நின்றுவிடுகிறார். என்னைத் தொட்டது யார் என்று கேட்கிறார். சீஷர்களுக்குப் புரியவில்லை: இத்தனை பேர் நெருக்கும்போது இது என்ன கேள்வி? யவீரு பக்கத்தில் தவித்துக்கொண்டு நிற்கிறார். ஆனாலும் இயேசு சுற்றிலும் பார்த்துக்கொண்டே நிற்கிறார், அவள் நடுங்கிக்கொண்டு முன்னால் வந்து முழு உண்மையையும் சொல்லும்வரை. பிறகு, "மகளே" என்கிறார். நான்கு நற்செய்திகளிலும் இயேசு ஒரு தனிப் பெண்ணை மகளே என்று நேராகக் கூப்பிடுவது இவளை மட்டும்தான்.

சுகம் அவளுக்கு முதலிலேயே கிடைத்துவிட்டது. அதற்கு மேல் அவர் கொடுக்க நினைத்தது அந்த ஒரு சொல்லை. வேண்டுதலோடு போவது நல்ல தொடக்கம். வேண்டியது கிடைத்ததும் திரும்பிவிடுவதில்தான் எனக்கு வருத்தம். அடுத்த முறை மெழுகுவத்தி ஏற்றிய பிறகு, பட்டியலை முடித்த பிறகு, எதுவும் கேட்காமல் கொஞ்ச நேரம் உட்காருங்கள். "நீர் யார் என்று எனக்குக் காட்டும்" என்று மட்டும் கேளுங்கள்.

கண்ணால பார்க்காத ஒருத்தரை எப்படிங்க சந்திக்கிறது? எனக்கு ஆதாரம் வேணும்.

இந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. இதே கேள்வியைக் கேட்டவருடைய பெயர் இந்த ஊரின் நிலத்தில் எழுதியிருக்கிறது. பரங்கிமலை ரயில் நிலையத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பவர் அவர்தான். அப்போஸ்தலன் தோமா கி.பி. 52-இல் கேரளக் கரைக்கு வந்தார், கி.பி. 72-இல் பரங்கிமலையில் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார், சாந்தோமில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது இங்கே தலைமுறை தலைமுறையாக வரும் பாரம்பரியம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோவே அவருடைய கல்லறையைப் பற்றி எழுதியிருக்கிறார். சைதாப்பேட்டையில் சின்னமலை, அங்கிருந்து பரங்கிமலை, கடலோரத்தில் சாந்தோம் என்று ஒரே நாளில் மூன்று இடங்களையும் பார்த்துவிடலாம்.

இந்தத் தோமாதான், ஆணிகளின் காயத்தில் விரலை வைத்துப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று சொன்னவர். மற்ற பத்துச் சீஷர்களும் உயிர்த்தெழுந்த இயேசுவைப் பார்த்துவிட்டோம் என்று சாட்சி சொன்னார்கள். அவருக்கு அது போதவில்லை. பத்துப் பேரும் அவரை வெளியே தள்ளவில்லை என்பதை நான் முக்கியமாகச் சொல்வேன். எட்டு நாளைக்குப் பிறகும் அவர் அதே அறையில், அவர்களோடுதான் இருக்கிறார். சந்தேகத்தோடு ஒருவர் எட்டு நாள் உட்கார இடம் கொடுக்கிற சபையாக நாம் இருக்க வேண்டும்.

இயேசு வருகிறார். கண்டிப்போடு தொடங்காமல், முதலில் சமாதானம் சொல்கிறார். பிறகு நேராகத் தோமாவிடம் திரும்பி, அவர் கேட்ட அதே காயங்களைக் காட்டுகிறார். தோமா தொட்டதாக வேதத்தில் எழுதியிருக்கவில்லை. "என் ஆண்டவரே! என் தேவனே!" என்று மட்டும் சொன்னார். ஆதாரம் கேட்டவருக்கு ஆளே கிடைத்தார்.

அதற்கு அடுத்த வசனம் நமக்கானது: "காணாதிருந்தும் விசுவாசிக்கிறவர்கள் பாக்கியவான்கள்." கண்ணை மூடிக்கொண்டு எதையும் நம்பு என்று அதற்குப் பொருள் இல்லை. யோவான் அதைச் சொன்ன கையோடு, நீங்கள் விசுவாசிக்கும்படி இவை எழுதப்பட்டிருக்கின்றன என்கிறார். பார்த்தவர்களின் சாட்சி நம் கையில் இருக்கிறது. அதை வாசியுங்கள், கேள்வி கேளுங்கள், உண்மையா என்று உரசிப் பாருங்கள். அப்படி வாசிக்கும்போதே அவர் வருவார்.

எனக்கு ஒளியும் தெரியலை, குரலும் கேட்கலை. அப்ப எனக்கு நடக்கலையா?

பஞ்சாபில் பதினைந்து வயதுச் சுந்தர் சிங் 1904 டிசம்பரில் ஒரு விடியற்காலையில் இயேசுவைத் தரிசனமாகவே கண்டார். இலண்டனில் ஜான் வெஸ்லிக்கு 1738 மே 24 அன்று நடந்தது, ஒரு சிறு கூட்டத்தில் யாரோ வாசித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சில் ஏற்பட்ட ஒரு கதகதப்பு மட்டுமே. எம்மாவு ஊருக்கு நடந்த இரண்டு சீஷர்களுக்கு, கூட வருகிறவர் உயிர்த்தெழுந்த இயேசு என்பதே அப்பம் பிட்கும்வரை தெரியவில்லை. யாருக்கு எப்படி என்பதை அவர் தீர்மானிக்கட்டும். பக்கத்து பெஞ்சுக்காரரின் சாட்சியோடு உங்களுடையதை ஒப்பிடாதீர்கள்.

நான் பிறந்ததிலிருந்தே கிறிஸ்டியன். ஞானஸ்நானம், திடப்படுத்தல், கொயர் எல்லாம் ஆச்சு. இன்னும் ஏன் வறட்சியா இருக்கு?

லூக்கா பதினைந்தில் எல்லோரும் ஊதாரி மகனைப் பற்றியே பேசுகிறோம். வீட்டைவிட்டுப் போகாத மூத்த மகனும் அந்தக் கதையில் இருக்கிறான். இத்தனை வருடம் உமக்கு ஊழியம் செய்தேனே, ஒரு ஆட்டுக்குட்டியாவது கொடுத்தீரா என்று அப்பாவிடம் கேட்கிறான். ஒரே கூரையின் கீழே இருந்துகொண்டு கூலியாள்போல வாழ்ந்திருக்கிறான். நம் வீட்டிலும், டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாங்கிய வாக்குத்தத்த அட்டை பீரோ கண்ணாடியில் இருக்கிறது. அதைக் கொடுத்தவரோடு பேசி மாதங்கள் ஆகின்றன. அந்தக் கதையில் தகப்பன் இளையவனுக்காக வெளியே ஓடியதுபோல மூத்தவனுக்காகவும் வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். உள்ளே வந்தானா என்பதை இயேசு சொல்லாமல் விட்டுவிட்டார்.

எங்கே தொடங்குறது? பைபிள் ரொம்பப் பெருசா இருக்கு.

மாற்கு நற்செய்தி. பதினாறே அதிகாரம். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மின்ரயிலில் போய்த் திரும்புவதற்குள் முழுதும் வாசித்துவிடலாம். ஒருமுறை அப்படிக் கதையாக வாசியுங்கள். பிறகு தினமும் ஒரு பகுதியாக, மெதுவாக. ஒவ்வொரு பகுதியிலும் இரண்டே கேள்விகள்: இங்கே இயேசு எப்படிப்பட்டவராக இருக்கிறார்? அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் என்னிடம் என்ன சொல்லியிருப்பார்?

எந்த மொழிபெயர்ப்பு என்று கேட்பார்கள். இந்திய மொழிகளிலேயே முதலில் அச்சான புதிய ஏற்பாடு தமிழில்தான், ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் 1715-இல் அச்சிட்டது. அதற்குப் பிறகு நம் வேப்பேரியில் இருந்துகொண்டே இன்னொரு ஜெர்மன் மிஷனரியான பப்ரிஷியஸ் ஐயர் பல வருடம் உழைத்து இன்னொரு மொழிபெயர்ப்பைத் தந்தார். இன்று சபைகளில் கேட்கும் பழைய நடையில் அதன் சாயல் உண்டு. அந்த நடை காதுக்குப் பழகாதவர்கள் 1995-இல் வந்த திருவிவிலியத்தில் தொடங்கலாம். புரிகிறதை எடுங்கள், சண்டை வேண்டாம்.

ஜெபம் பண்ண வார்த்தையே வரமாட்டேங்குது.

பாஸ்டர் மாதிரி ஜெபிக்க வேண்டியதில்லை. பிசாசு பிடித்த மகனோடு வந்த ஒரு தகப்பன் கண்ணீரோடு சொன்னது இவ்வளவுதான்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." பாதி நம்பிக்கையும் பாதி அவநம்பிக்கையும் கலந்த ஜெபம். அது கேட்கப்பட்டது. உங்களுக்கு வேறு எதுவும் வராவிட்டால் இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்க வீட்டுல எல்லாரும் இந்து. அம்மாவுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாங்க. நான் என்ன செய்யணும்?

முதலில் செய்யக் கூடாதது: சாமி படங்களை எடுத்து எறிவது, பிரசாதத் தட்டைத் தள்ளிவிடுவது, அப்பா அம்மாவின் பக்தியைக் கேலி பேசுவது. இயேசுவைச் சந்தித்த பிறகு அம்மாவிடம் முன்பைவிடக் கடுமையாகப் பேசுகிறவர் யாரைச் சந்தித்தார் என்றுதான் நான் கேட்பேன். உங்களுக்கு ஏற்பட்ட அன்பை அம்மா முதலில் உங்கள் நடத்தையில் பார்க்கட்டும். சமையலறையில் கை கொடுங்கள், மாதச் செலவில் பங்கெடுங்கள், மாத்திரை நேரத்தை நினைவில் வையுங்கள். கேட்கும் நாளில் மறைக்காமல், மென்மையாகச் சொல்லுங்கள். பொய் சொல்ல வேண்டாம்.

தமிழையும் வளர்ந்த விதத்தையும் விட்டுவிட வேண்டுமோ என்றும் பயப்படுகிறார்கள். வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறிய ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளை 1858-இல் இந்தச் சென்னையில்தான் ஞானஸ்நானம் பெற்றார். கம்பனின் ஓசை அவரைவிட்டுப் போகவில்லை. பிறகு அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் முழுதும் அந்த ஓசைதான். கோவையில் பேராயராக இருந்த ஏ. ஜே. அப்பாசாமி, யோவான் நற்செய்தியை நம் பக்தி மரபின் அருகில் வைத்து வாசித்தவர். ஆண்டவனுக்காக உருகி அழத் தெரிந்த மொழியில் பிறந்திருக்கிறோம். அந்த உருக்கத்தோடேயே இயேசுவிடம் வரலாம்.

ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமா என்றால், இயேசுவைப் பின்பற்றுகிறவர் ஒருநாள் அதற்கு வருவார். வர வேண்டும் என்றே வேதம் சொல்கிறது. ஆனால் உங்களை யாராவது அவசரப்படுத்தினாலோ, பணமோ வேலையோ காட்டினாலோ, பயமுறுத்தினாலோ அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அவர் வாசற்படியில் நின்று தட்டுகிறவர். கதவை உடைக்கிறவர் இல்லை.

சாதிச் சான்றிதழ் என்ன ஆகும்?

இதை மழுப்பக் கூடாது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டுமே. கிறிஸ்தவத்துக்கு மாறிய பட்டியல் சாதியினரைத் தமிழ்நாடு அரசு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. படிப்பையும் வேலையையும் பாதிக்கிற விஷயம் இது. சட்டம் தெரிந்தவரிடம் கேட்டு, கண்ணைத் திறந்துகொண்டு முடிவெடுங்கள். சபைக்குள்ளும் சாதி பார்க்கிற இடங்கள் இருக்கின்றன. அது பாவம். சமாரியப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டவருடைய பெயரால் நடக்கிற பாவம்.

இயேசுகிட்ட வந்தா நோய் தீருமா? கடன் அடையுமா?

தீரலாம். அவர் சுகமாக்குகிறவர் என்பதை நான் முழுமனதோடு நம்புகிறேன், ஜெபிக்கிறேன். ஆனால் பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளை எடுக்கும்படி மூன்று தரம் வேண்டினார், முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல யாருக்காவது துணிச்சல் உண்டா?

சர்க்கரை மாத்திரையையோ வலிப்பு மாத்திரையையோ நிறுத்தச் சொல்லும் ஊழியக்காரரின் பேச்சைக் கேட்காதீர்கள். காணிக்கை போட்டால்தான் அற்புதம் என்கிறவரின் பேச்சையும்.

நான் செஞ்சதுக்கு எனக்கு மன்னிப்பே கிடையாதுங்க.

இயேசுவின் சீஷரான பேதுரு, அவரைத் தெரியவே தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தார், அதுவும் ஒரு கரிநெருப்பின் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டே. உயிர்த்தெழுந்த இயேசு அவரைத் தேடிக் கடற்கரைக்கு வந்தபோது அங்கேயும் கரிநெருப்பு மூட்டியிருந்தது; அதன்மேல் மீன் வைத்திருந்தது. இராமுழுதும் வலை போட்டு ஒன்றும் கிடைக்காமல் திரும்புவது எப்படி இருக்கும் என்று காசிமேட்டிலும் நொச்சிக்குப்பத்திலும் இருப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். அப்படி ஒரு இரவைக் கழித்தவர்களுக்கு அவர் கொடுத்த அழைப்பு, வந்து சாப்பிடுங்கள் என்பது. சாப்பிட்ட பிறகுதான் கேட்டார், என்னை நேசிக்கிறாயா என்று, மூன்று முறை. பேதுருவுக்குத் துக்கம் வந்தது. மறுத்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு நேசம் சொல்ல இடம் கொடுத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் செய்ததை அவரிடம் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். யாருக்குத் தீங்கு செய்தீர்களோ அவரிடமும் போக வேண்டியிருக்கும்.

முதல்ல ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. இப்ப ஒண்ணுமே உணரலை. அவர் போயிட்டாரா?

அன்னை தெரேசா 1997-இல் இறந்தார். பத்து வருடம் கழித்து அவருடைய கடிதங்கள் வெளிவந்தபோது உலகமே திகைத்தது. பல பத்தாண்டுகளாக அவர் ஜெபத்தில் இருளைத்தான் உணர்ந்திருக்கிறார். ஆனாலும் தினமும் முழங்காலில் நின்றார். தினமும் தெருவோரத்தில் கிடந்தவர்களைத் தூக்கினார். சங்கீதம் 88-ஐ வாசியுங்கள். கதறலில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில் இருக்கிறது. "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று சிலுவையில் இயேசுவே கதறினார். எனவே உணர்வு வற்றியதை அவர் போய்விட்டதற்கு அடையாளமாக எடுக்காதீர்கள். வந்தது அந்தச் சந்தோஷத்துக்காகவா, அவருக்காகவா என்று உங்களையே கேட்டுக்கொள்ள நல்ல நேரம் இது. வாசிப்பதையும் கூடி வருவதையும் விடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தூக்கமில்லை, பசியில்லை, வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள். 1794-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. அரசு உதவி எண்களான 104-க்கோ 14416-க்கோ எந்த நேரத்திலும் கூப்பிடலாம். மருத்துவரிடம் போவது அவிசுவாசம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

எந்தச் சபைக்குப் போறது?

வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதற்கு முதலில் போய்ப் பாருங்கள். பாமாலையும் அமைதியும் பிடிக்கிறவர்களுக்கு எழும்பூரில் 1821-இல் கட்டிய கிர்க் போன்ற பழைய ஆலயங்கள் உண்டு. கைதட்டிப் பாடுவது பிடித்தால் ஒவ்வொரு தெருவிலும் ஒரு பெந்தெகொஸ்தே சபை இருக்கும். கட்டடத்தை நான் பெரிதாக எண்ணுவதில்லை. நான் பார்ப்பது வேறு: இயேசுவைப் பற்றிப் பேசுகிறார்களா, போதகரைப் பற்றியா? கணக்கு வழக்கைச் சபையார் முன் வைக்கிறார்களா? கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிறார்களா? ஏழை வந்தால் எங்கே உட்கார வைக்கிறார்கள்?

நடந்தது நிஜமா, மனப்பிரமையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

வரி வசூலிப்பவர்களின் தலைவரான சகேயுவின் வீட்டுக்கு இயேசு விருந்தாளியாகப் போனார். எழுந்து நின்று சகேயு சொன்னது: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது நாலத்தனையாகத் திருப்பி. சந்தோஷமாக வரவேற்றார் என்பதற்கு மேல், அவருக்கு உள்ளே என்ன தோன்றியது என்று லூக்கா எழுதவில்லை. பணம் எங்கே போனது என்பதைத்தான் எழுதினார். உங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும், ஆட்டோ அண்ணனிடமும், உங்களுக்குக் கீழே வேலை செய்யும் பையனிடமும் நீங்கள் நடந்துகொள்ளும் விதம் மாறியிருக்கிறதா? அதை நீங்கள் சொல்வதைவிட அவர்கள் சொல்வதே சரியான பதில்.

எவ்வளவு நாள் ஆகும்?

சகேயுவுக்கு ஒரே நாள். யூதத் தலைவர்களில் ஒருவரான நிக்கொதேமுவுக்கு அப்படி இல்லை. யோவான் மூன்றாம் அதிகாரத்தில் இரவில், யாருக்கும் தெரியாமல் வருகிறார். கேட்டதில் பாதி அவருக்குப் புரியவில்லை. ஏழாம் அதிகாரத்தில் ஆலோசனைச் சங்கத்தில் இயேசுவுக்காக ஒரே ஒரு வாக்கியம் பேசுகிறார், அதற்கும் திட்டு வாங்குகிறார். பத்தொன்பதாம் அதிகாரத்தில், சீஷர்களே ஓடி ஒளிந்த பிறகு, அடக்கத்துக்கு நூறு இராத்தல் சுகந்த வர்க்கத்தைத் தூக்கிக்கொண்டு வெளிப்படையாக வருகிறார். இந்த மூன்று பகுதிகளையும் இந்த வாரம் வரிசையாக வாசியுங்கள். நீங்கள் இப்போது எந்த அதிகாரத்தில் இருந்தாலும் பரவாயில்லை, புரியாததைக் குறித்து வைத்துக்கொண்டு யாரிடமாவது கேளுங்கள்.